சின்னத் துப்பாக்கி, பெரிய உதை: பாக்கெட் ரிவால்வருக்குள் ஒரு நியூட்டன்

என்.சி.சி.யில இருக்கிற நண்பர்கள்கிட்ட கேட்டுப் பாருங்க: ".22 ரைஃபிள் சுட்டப்போ தோள்ல எப்படி இருந்துச்சு?" பெரும்பாலும் "ஒண்ணும் பெருசா தெரியல, லேசா ஒரு தட்டு, அவ்வளவுதான்"னு பதில் வரும். இப்போ அதே .22 தோட்டாவை, உள்ளங்கைக்குள்ள மறைஞ்சிடுற ஒரு குட்டி ரிவால்வர்ல போட்டுச் சுடுறதா வெச்சுக்குவோம். அவ்வளவு பெரிய ரைஃபிளே சும்மா இருந்துச்சு, இந்தப் பொம்மை சைஸ் துப்பாக்கி என்ன பண்ணிடப் போகுதுன்னு தான் யாருக்கும் தோணும்.

நடப்பது நேர் எதிர். துப்பாக்கி சின்னதாக ஆக, கையில் வாங்கும் உதை பெரிதாகும். புதிதாகச் சுடக் கற்பவர்களுக்கும், பெண்களுக்கும் "உங்களுக்கு இந்தக் குட்டியே போதும், ஈசியா இருக்கும்" என்று சொல்லிச் சின்ன ரிவால்வரைக் கையில் கொடுப்பது அமெரிக்காவில் ரொம்ப காலமாக நடக்கிறது. முதல் ஐந்து தோட்டாவிலேயே கை வலித்து, பயந்து, அதற்குப் பிறகு பயிற்சியே செய்யாமல் அலமாரியில் வைத்துவிடுகிறவர்கள் நிறைய. ஆபத்து நேரத்தில் உதவும் என்று வாங்கிய பொருள், பழக்கமே இல்லாத பொருளாகக் கிடக்கும். இது ஏன் இப்படி என்பதற்குப் பதில் நம்ம பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்திலேயே இருக்கிறது.

முதலில் கணக்கு

உந்தம் அழியாது. குண்டும் வெடிமருந்து வாயுவும் முன்னால் எவ்வளவு உந்தத்தோடு போகிறதோ, அதே அளவு உந்தத்தோடு துப்பாக்கி பின்னால் வரும். இது வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். தேர்வில் இரண்டு மார்க் கேள்வி. ஆனால் கைக்குத் தெரிவது வேகமும் ஆற்றலும் தான். துப்பாக்கி வாங்கும் இயக்க ஆற்றல் என்பது, உந்தத்தின் வர்க்கத்தைத் துப்பாக்கி நிறையின் இரண்டு மடங்கால் வகுத்தால் வருவது. அதாவது நிறை பாதியானால் ஆற்றல் இரட்டிப்பு. உந்தம் இரட்டிப்பானால் ஆற்றல் நான்கு மடங்கு.

முதலில் .22. குண்டின் நிறை சுமார் 2.6 கிராம். ஏறத்தாழ மூன்று கிலோ ரைஃபிளில் இருந்து அது கிளம்பும்போது, ரைஃபிள் பின்னால் வரும் வேகம் வினாடிக்கு 0.3 மீட்டர். ஆற்றல் 0.13 ஜூல். அமெரிக்காவில் நார்த் அமெரிக்கன் ஆர்ம்ஸ் செய்யும் மினி ரிவால்வர் ஒன்று இருக்கிறது. எடை 130 கிராம் தான், நம்ம கையில் இருக்கும் செல்போனை விடக் குறைவு. குழல் 3 செ.மீ. கூட இல்லாததால் குண்டின் வேகமும் குறைவு, உந்தமும் குறைவு. அப்படியும் அது பின்னால் வரும் வேகம் வினாடிக்கு 5 மீட்டரைத் தாண்டும். ஆற்றல் ஏறத்தாழ 2 ஜூல். அதே தோட்டா, 15 மடங்கு உதை.

இப்போ பெரிய ஆளுங்களைப் பார்ப்போம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 340 பிடி என்ற பாக்கெட் ரிவால்வர், .357 மேக்னம் தோட்டாவைச் சுடும். காலியாக அதன் எடை சுமார் 330 கிராம். ஐந்து தோட்டா போட்டால் 400 கிராம் என்று வைத்துக்கொள்வோம். குண்டு 10 கிராம், வேகம் வினாடிக்கு 330 மீட்டர். வாயுவின் பங்கையும் சேர்த்தால் மொத்த உந்தம் சுமார் 3.8 கி.கி. மீ/வி. வகுத்துப் பாருங்க: துப்பாக்கி பின்னால் வரும் வேகம் வினாடிக்கு 9.5 மீட்டர், ஆற்றல் 18 ஜூல். இதே உந்தத்தை, தோட்டாவோடு 1.2 கிலோ வரும் முழு அளவு எஃகு ரிவால்வருக்குக் கொடுத்தால் வெறும் 6 ஜூல். மூன்றில் ஒரு பங்கு.

இவை எல்லாம் தோராயக் கணக்கு தான். தோட்டாவுக்குத் தோட்டா கொஞ்சம் மாறும். விகிதம் மாறாது.

எடை எப்படிக் குறைந்தது?

1950-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஒரு சின்ன ஐந்து தோட்டா ரிவால்வரைக் கொண்டுவந்தது. அமெரிக்கப் போலீஸ் தலைவர்கள் மாநாட்டில் வைத்துப் பெயர் கேட்டார்கள், 'சீஃப்ஸ் ஸ்பெஷல்' என்று பெயர் வந்தது. முழுக்க எஃகு, சுமார் 550 கிராம், .38 ஸ்பெஷல் தோட்டா. பாக்கெட்டில் கனமாக இருக்கிறது என்று அடுத்த சில வருடங்களிலேயே அலுமினிய ஃபிரேம் வந்தது. பிறகு டைட்டானியம் சிலிண்டர். பிறகு ஸ்காண்டியம் சிறிதளவு கலந்த அலுமினிய உலோகக் கலவை. எஃகின் அடர்த்தி 7.8, டைட்டானியம் 4.5, அலுமினியம் 2.7. மெட்டலர்ஜி நண்பர்கள் கைதட்டலாம், எடை 330 கிராமுக்கு இறங்கியது, உலோகமும் தாங்கியது.

அதோடு நிற்காமல், இந்தக் குறைந்த எடையில் .38-க்குப் பதிலாக .357 மேக்னத்தைப் போட்டார்கள். ஒரு பக்கம் நிறை குறைந்தது, இன்னொரு பக்கம் உந்தம் கூடியது. சமன்பாட்டில் இரண்டும் ஒரே திசையில் தான் இழுக்கும். இத்தனைக்கும் ஃபிரேமுக்கு ஒன்றும் ஆகவில்லை. டிசைன் மீட்டிங்கில் உட்காராத ஒரு பாகம் தான் அடி வாங்கியது: சுடுகிறவரின் கை.

ரூகர் கம்பெனி கொஞ்சம் யோசித்தது. 2009-இல் வந்த அவர்களுடைய எல்.சி.ஆர். ரிவால்வர், .38-க்கு சுமார் 380 கிராம். அடுத்து .357 மாடல் செய்தபோது ஃபிரேமை எஃகுக்கு மாற்றி, எடையை 485 கிராம் அளவுக்கு ஏற்றினார்கள். நூறு கிராம் கூடியது பாக்கெட்டுக்குப் பாரம், கைக்கு நிம்மதி.

பின்னால் மட்டும் வராது, மேலேயும் கிளம்பும்

துப்பாக்கிக் குழல் கைக்கு நேர் பின்னால் இல்லை, கைக்கு மேலே சில சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதை குழலின் கோட்டில் வருகிறது, தடுப்பது அதற்குக் கீழே இருக்கும் கை. விசைக்கும் தாங்கும் இடத்துக்கும் நடுவில் தூரம் இருந்தால் திருப்பு விசை வரும். அதனால் தான் சுட்டவுடன் குழல் முனை மேலே எகிறுகிறது. நீளமான கனமான குழல் இருந்தால் அதன் நிலைமத் திருப்புத்திறன் இந்தச் சுழற்சியைத் தடுக்கும். பாக்கெட் ரிவால்வரில் குழலே 5 செ.மீ. தான், தடுக்க அங்கே ஒன்றுமில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. குண்டு தோட்டாவில் இருந்து கிளம்பி குழலை விட்டு வெளியேற ஏறத்தாழ அரை மில்லி செகண்ட் ஆகும். அதற்குள் துப்பாக்கி இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குப் பின்னால் நகர்ந்து, கொஞ்சம் மேலேயும் திரும்பியிருக்கும். அதனால் கனமான, மெதுவான குண்டு குழலுக்குள் அதிக நேரம் இருந்து, குழல் இன்னும் கொஞ்சம் மேலே திரும்பிய பிறகு வெளியேறும். பக்கத்து இலக்கில் அது லேசான, வேகமான குண்டை விட உயரத்தில் போய்ப் பதியும். முதல் முறை கேட்டால் நம்ப மாட்டோம், ஆனால் அதுதான் நடக்கிறது.

ட்ரிக்கரும் சேர்ந்து ஆட்டும்

உதை வருவதற்கு முன்னாலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த வகை ரிவால்வர்களில் ட்ரிக்கரை ஒரே இழுப்பில் இழுத்தால் சிலிண்டர் சுழன்று, சுத்தி பின்னால் போய் விழ வேண்டும். அதற்கு ஏறத்தாழ 5 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு தேவை. துப்பாக்கியின் எடையோ 330 கிராம். தன் எடையைப் போல 15 மடங்கு விசையை ஒரே விரலால் அதன் மேல் போடுகிறோம். பிடி தளர்வாக இருந்தால், குண்டு கிளம்புவதற்கு முன்பே குழல் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். ஒரு கிலோ துப்பாக்கியில் இதே இழுப்பு இவ்வளவு ஆட்டாது.

ஆக, நல்ல பிடிக்கு இரண்டு வேலை. ட்ரிக்கர் இழுக்கும்போது துப்பாக்கியை அசையாமல் வைப்பது, சுட்ட பிறகு உதையை வாங்கிக்கொள்வது.

பிடி எப்படி இருக்க வேண்டும்?

உயரமாகப் பிடிக்க வேண்டும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள இடுக்கு, கைப்பிடியின் பின்பக்கம் எவ்வளவு மேலே போக முடியுமோ அவ்வளவு மேலே உட்கார வேண்டும். குழலுக்கும் கைக்கும் உள்ள தூரம் குறைந்தால் திருப்பு விசை குறையும். சுத்தி வெளியே தெரியும் மாடலாக இருந்தால், அது பின்னால் வரும்போது தோலைக் கடிக்காத அளவுக்கு மட்டும் இடம் விட வேண்டும்.

இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். இது வெறும் தைரியத்துக்காகச் சொல்வது இல்லை, கணக்கு. தளர்வாகப் பிடித்தால் 400 கிராம் துப்பாக்கி தனியாக 9.5 மீட்டர் வேகம் எடுத்து வந்து உள்ளங்கையில் மோதும். கையும் துப்பாக்கியும் ஒட்டி ஒரே பொருளாக இருந்தால், சமன்பாட்டில் கையின் நிறையும் சேரும். மணிக்கட்டுக்குக் கீழே நம் கை மட்டுமே ஏறத்தாழ 400 கிராம் வரும். நிறை இரட்டிப்பானால் வேகம் பாதி, ஆற்றலும் பாதி: 18 ஜூல் 9 ஆகிவிடும். மணிக்கட்டையும் மடங்காமல் நேராக வைத்தால் முன்கையும் இந்தக் கூட்டணியில் சேர்ந்துகொள்ளும். கை நடுங்க ஆரம்பிக்கும் வரை இறுக்கி, அதிலிருந்து கொஞ்சம் தளர்த்தினால் வருவது தான் சரியான இறுக்கம் என்று பயிற்சியாளர்கள் சொல்வது வழக்கம்.

சுண்டு விரலுக்கு இடம் இருக்காது. பாக்கெட்டில் மறைய வேண்டும் என்பதற்காகக் கைப்பிடியை வெட்டிச் சுருக்கியிருப்பார்கள். பல பேருக்கு இரண்டு விரல் தான் நிற்கும். சுண்டு விரலை அந்தரத்தில் விடாமல், கைப்பிடியின் அடியில் மடக்கி அழுத்தினால், துப்பாக்கி திரும்புவதைக் கீழே இருந்து ஒரு தூண் போலத் தடுக்கும்.

இரண்டு கையும் வேண்டும். சினிமாவில் ஹீரோ ஒற்றைக் கையால் சுடுவது ஸ்டைல். நிஜத்தில் இரண்டாவது கை, முதல் கையின் விரல்களைச் சுற்றி முன்னால் இருந்து பின்னால் அழுத்த வேண்டும். நிறையும் கூடும், உராய்வுப் பரப்பும் கூடும்.

ஆனால் விரல்கள் எங்கே இருக்கக் கூடாது என்பது இன்னும் முக்கியம். ரிவால்வரில் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் 0.1 முதல் 0.25 மி.மீ. வரை ஒரு இடைவெளி உண்டு. சிலிண்டர் சுழல அது தேவை. சுடும்போது சூடான வாயுவும் ஈயத் துணுக்கும் அந்த இடைவெளி வழியாகப் பக்கவாட்டில் பீறிட்டு வரும். வேறு வகைப் பிஸ்டலில் பழகியவர்கள் கட்டை விரலை முன்னால் நீட்டி வைப்பார்கள். இங்கே அப்படி வைத்தால் விரல் வெந்துவிடும். அதனால் கட்டை விரல்களைக் கீழ்நோக்கி மடக்கி, ஒன்றின் மேல் ஒன்றாகப் பின்னால் வைக்க வேண்டும். மினி ரிவால்வரில் இன்னும் மோசம். குழல் 3 செ.மீ. கூட இல்லை, இரண்டாவது கையின் விரல் கொஞ்சம் நீண்டாலே குழல் வாய்க்கு முன்னால் போய்விடும்.

ரப்பரும் கிரிக்கெட் கேட்சும்

வேகமாக வரும் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுக்கிறோமே, ஏன்? நிறுத்தும் நேரத்தை நீட்டினால் விசை குறையும். ரிவால்வர் கைப்பிடிக்கு ரப்பர் உறை போடுவதும் இதே கணத்தாக்குக் கணக்கு தான். ஆனால் உறை கைப்பிடியின் பின்முதுகையும் மூட வேண்டும். பக்கவாட்டில் மட்டும் ரப்பர் போட்டு, பின்னால் உலோகத்தைத் திறந்து விட்ட உறைகளில், அந்த ஒல்லி உலோகப் பட்டை தான் உள்ளங்கையில் நேராக இறங்கும். பரப்பு குறைவு, அழுத்தம் அதிகம். சுடுகிறவர்கள் புலம்பும் வலி பெரும்பாலும் இந்த இடத்தில் தான்.

பெரிய ரப்பர் உறை போட்டால் பாக்கெட்டில் இருந்து எடுக்கும்போது துணியில் ஒட்டிக்கொண்டு வரும் என்பது இன்னொரு தலைவலி. எதை விட்டு எதை எடுப்பது என்பதை வாங்குகிறவர் தான் முடிவு செய்ய வேண்டும்.

எல்லாவற்றையும் விட எளிதான வழி ஒன்று இருக்கிறது: தோட்டாவை மாற்றுவது. .357 ரிவால்வரில் .38 ஸ்பெஷல் தோட்டாவும் போடலாம். (.38-க்கு மட்டும் செய்த துப்பாக்கியில் .357 போடக் கூடாது.) அதே 400 கிராம் துப்பாக்கியில் .38-இன் உதை ஏறத்தாழ 7 ஜூல் தான். 18-இல் இருந்து 7. எந்த ரப்பரும் இவ்வளவு குறைக்காது.

பக்கத்துத் தோட்டாவுக்கும் உதை விழும்

இது மெக்கானிக்கல் நண்பர்களுக்குப் பிடிக்கும். ஒரு தோட்டா வெடிக்கும்போது சிலிண்டரில் மீதி நான்கு தோட்டா காத்திருக்கும். துப்பாக்கி பின்னால் பாயும்போது அவற்றின் கூடும் சேர்ந்து பின்னால் போகும். கூட்டின் வாயில் செருகி இறுக்கியிருக்கும் குண்டோ, நிலைமம் காரணமாக இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். பஸ் திடீரென்று கிளம்பும்போது நாம் பின்னால் சாய்வது போலத் தான்.

எவ்வளவு விசை? அரை மில்லி செகண்டில் 9.5 மீட்டர் வேகம் என்றால் முடுக்கம் புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ 1,900 மடங்கு. 10 கிராம் குண்டை அது 190 நியூட்டன் விசையோடு கூட்டிலிருந்து உருவும். 19 கிலோவைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. இறுக்கம் போதாத தோட்டாவில் குண்டு கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நழுவி, சிலிண்டரை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு, சிலிண்டரைச் சுழல விடாமல் பூட்டிவிடும். ரிவால்வர் மக்கர் பண்ணவே பண்ணாது என்ற பெருமை அந்த நொடியில் போய்விடும். கனமான எஃகு ரிவால்வரில் இந்த விசை மூன்றில் ஒரு பங்கு தான் என்பதால் அங்கே இது அரிது.

மூளைக்கும் பயிற்சி

குண்டு வெளியேற அரை மில்லி செகண்ட் தான். நம் உடல் எதற்கும் பதில் கொடுக்க 150 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். அதாவது உதை தெரியும் முன்பே குண்டு போய்விட்டது. அப்போ உதை எப்படிக் குறியைக் கெடுக்கிறது? போன தடவை வாங்கிய வலி ஞாபகத்தில் இருப்பதால், அடுத்த தடவை ட்ரிக்கர் முழுதாகப் பின்னால் போகும் முன்பே கை தானாக முனையைக் கீழே அமுக்கும், கண் மூடும். குறியைக் கெடுப்பது வரப் போகிற உதையின் பயம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு பழைய வழி உண்டு. ஐந்து அறையில் மூன்றில் மட்டும் தோட்டா போட்டு, சுடுகிறவருக்குத் தெரியாமல் சிலிண்டரைச் சுழற்றி மூடிக் கொடுப்பார் பயிற்சியாளர். காலி அறை வரும்போது "டிக்" என்ற சத்தம் மட்டும் கேட்கும். அப்போது குழல் முனை கீழே குனிந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். முனை குனியாத வரை இதே பயிற்சி தான், லேசான தோட்டாவோடு, ஒரு நாளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக.

நம்ம ஊர் 'நிர்பீக்'

2014 ஜனவரியில் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை, பெண்களின் பாதுகாப்புக்கு என்று 'நிர்பீக்' என்ற ரிவால்வரை வெளியிட்டது. 2012 டெல்லி சம்பவத்தில் இறந்த 'நிர்பயா'வை நினைவூட்டும் பெயர். டைட்டானியம் உலோகக் கலவை, 500 கிராம், விலை சுமார் 1.22 லட்சம் ரூபாய். துப்பாக்கியால் பாதுகாப்பு வருமா, அந்த விலை யாருக்குக் கட்டுப்படியாகும் என்றெல்லாம் அப்போதே கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விகள் தான். இங்கே நாம் உதையை மட்டும் பார்ப்போம்.

அதில் போடுவது .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங். 1896-இல் வந்த பழைய, சாதுவான தோட்டா. குண்டு சுமார் 6.3 கிராம், வேகம் வினாடிக்கு 215 மீட்டர். உந்தம் 1.4 தான். தோட்டாவோடு 550 கிராம் என்று வைத்தால் உதை ஆற்றல் 1.8 ஜூல். அமெரிக்க மேக்னம் குட்டியில் பத்தில் ஒரு பங்கு! நம்ம ஊர்ச் சட்டம் பொதுமக்களுக்குச் சில வகைத் தோட்டாக்களை அனுமதிக்காததால் வந்த டிசைன் இது. ஆனால் கைக்கு எது ஒத்துவரும் என்று மட்டும் பார்த்தால், எடையைக் குறைக்கிறவர் உந்தத்தையும் சேர்த்துக் குறைக்க வேண்டும் என்ற பாடம் இதில் தான் இருக்கிறது. ட்ரிக்கர் இழுப்பும், ஒல்லிக் கைப்பிடியும், பயிற்சியின் தேவையும் இதிலும் அப்படியே தான் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை: 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். ஆர்வம் இருந்தால் என்.சி.சி. இருக்கிறது, மாவட்ட ரைஃபிள் கிளப்கள் இருக்கின்றன, பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க .22-இல் தொடங்கலாம். அப்போது துப்பாக்கி கனமாக இருக்கிறதே என்று அலுத்துக்கொள்ளாதீங்க. அந்த மூன்று கிலோ தான் உங்க தோளுக்கு 0.13 ஜூலோட முடிச்சு வைக்குது.